கடல்ல எர்த் குழி எங்கீங்க?

அந்தியூர்க்காரனுக்கு கடலப் பத்தி என்னய்யா தெரியும்னு கேப்பீங்க. நியாயந்தான். எங்கூருப் பக்கம் பெரிய தண்ணின்னா வரட்டுப்பள்ளம் டேம் தான். ஆனா கரண்டு பத்தி கொஞ்சம் தெரியும். தோட்டத்து மோட்டாருக்கு வயரிங் பண்றது நம்ம பொழப்பு. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்துக் குடுத்துட்டு, "வெயில் காலத்துல ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க"ன்னு மல்லுக்கட்டறதும் அதுல சேர்த்தி :-)

போன வருஷம் குமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் கரையோர ஊர்க்காரங்க ஆழ்கடல் மீன்பிடிக்குப் பேர் போனவங்க. குஜராத், லட்சத்தீவு வரைக்கும் போவாங்க, திரும்ப வாரக்கணக்கு ஆகும். நண்பரோட சித்தப்பா தேங்காப்பட்டணம் துறைமுகத்துல விசைப்படகு வெச்சிருக்கார். "தம்பி, வயர்லெஸ்ல மத்தவங்க பேசுறது நல்லா கேக்குது. நாங்க பேசுறதுதான் சிலநேரம் போவ மாட்டேங்குது. நீங்க கரண்டு வேலை பாக்குறவங்கதானே, பாருங்க"ன்னார்.

"எர்த் எங்கீங்க?"ன்னேன். சிரிச்சுட்டே கடலைக் காட்டினார்.

அவர் காட்டினது சரிதான். உப்புத்தண்ணி நம்ம செம்மண்ணை விட எவ்வளவோ நல்லா கரண்டைக் கடத்தும். ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. எர்த் வேற, கரண்டு பேட்டரிக்குத் திரும்பி வர்ற பாதை வேற. படகோட உடம்பையோ இஞ்சினையோ நெகட்டிவ் வயராப் பயன்படுத்தினா, கரண்டு கசிஞ்சு கடல் வழியாவும் போகும். போற இடத்துல புரொப்பல்லர், ஷாஃப்ட்னு உலோகத்தை அரிச்சுத் தின்னுடும். கசிவே இல்லாட்டியும், ரெண்டு வேற வேற உலோகம் ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சு உப்புத்தண்ணில கெடந்தா பேட்டரி மாதிரி வேலை செஞ்சு ஒண்ணு அரிக்கும். அதுக்குத்தான் அடியில துத்தநாகக் கட்டி வெக்கறாங்க, "என்னை முதல்ல தின்னு"ன்னு. ஹம்ஃப்ரி டேவி 1824-லயே பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களோட செப்புத் தகட்டைக் காப்பாத்த இந்த யோசனையைச் சொல்லிட்டார். அதனால செட்டுக்கு செட்டு பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டு வயரும் தனியா பேட்டரிப் பக்கம் போகணும். பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் வேணும். நடுக்கடல்ல வயர் தீப்பிடிச்சா ஓட இடமில்ல பாருங்க.

சரி, வயர்லெஸ் மேட்டருக்கு வருவோம். மீட்டர் வெச்சுப் பாத்தா பேட்டரில 12.6 வோல்ட். செட்டுகிட்டயும் கிட்டத்தட்ட அதே. மைக்கை அமுக்கச் சொல்லிப் பாத்தேன். செட்டுகிட்ட படக்குனு 10-க்குக் கீழ!

கணக்கு சுலபம். கேக்கும்போது செட்டு இழுக்கறது அரை ஆம்பியர் சுமார். 25 வாட்ல பேசும்போது 5 ஆம்பியர் பக்கம். நடுவுல ஒரு ஜாயின்ட்ல அரை ஓம் தடை இருந்தா, கேக்கும்போது கால் வோல்ட் போகும், தெரியாது. பேசும்போது ரெண்டரை வோல்ட் போயிடும். வீட்டு 230-ல அது ஒரு விஷயமே இல்ல. 12 வோல்ட்ல செட்டு படுத்துடும்.

தேடினா, ஸ்டியரிங்குக்குக் கீழ நெகட்டிவ் வயர்ல முறுக்கி டேப் சுத்தின ஒரு ஜாயின்ட். பிரிச்சா உள்ள பூராவும் பச்சை. உப்பு ஈரம் இன்சுலேசனுக்கு உள்ளாறயே ஏறி செம்பைத் தின்னிருக்கு. வெட்டி எறிஞ்சுட்டு, வெள்ளீயம் பூசின செம்பு வயரை ஜாயின்ட்டே இல்லாம ஒரே நீளமா இழுத்து, லக் அடிச்சு முடிச்சோம். இப்ப மைக்கை அமுக்கினா 12-க்குக் கீழ எறங்கல.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஒக்கில எங்க ஆளுங்க போனாங்க தம்பி"ன்னார்.

2017 நவம்பர் 30. அன்னிக்கு பலபேரு வயர்லெஸ் எட்டாத தூரத்துல இருந்தாங்க. ஆன்டெனாவுக்கு ஆன்டெனா நேர்ப்பார்வை இருக்கற வரைக்கும்தான் வி.எச்.எஃப். போகும். நல்ல வயர் இருந்தாலும் கரைக்கு எட்டியிருக்காது. 2024-ல மத்திய அரசு 1 லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் திட்டம் ஆரம்பிச்சுது, சேட்டிலைட் வழியா சேதி போக. நல்ல விஷயம். ஆனா எட்டற தூரத்துல பக்கத்துப் படகு இருக்கும்போது, ஒரு பச்சை பிடிச்ச ஜாயின்ட்டால குரல் போகலைன்னா? அது மட்டும் நம்ம கைல இருக்குங்க.

கேக்குதேன்னு நம்பாதீங்க. கடலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் மைக்கை அமுக்க, ஒருத்தர் மீட்டரைப் பாருங்க. அரை நிமிச வேலை. சேனல் 16 ஆபத்துக்கும் அழைப்புக்கும் உள்ளது, சோதனையை வேற சேனல்ல வெச்சுக்குங்க.

டிஸ்கி: இரும்புப் படகுன்னா நெகட்டிவை எங்க இணைக்கறதுங்கறது தனிக்கதை. தெரிஞ்சவரைக் கேக்காம கை வெக்காதீங்க, புண்ணியமாப் போகும்.