லீவரைத் தள்ளு, தோட்டா ஏறும்!

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: குப்புறப் படுத்து, .22 ரைபிளில் ஐந்து ரவுண்டு. அவ்வளவுதான் நமக்குக் கிடைத்த பாக்கியம்! டிப்ளமோ, வேலை, கிரீன் கார்டு என்று டெக்சாசில் குடியேறிய பிறகு, 2019-இல் சொந்தமாகவே ஒன்று வாங்கினேன். ஹென்றி லீவர் ஆக்‌ஷன், அதே .22.

கடையில் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டில்தான் பெரிய சோதனை! "பையன் இருக்கிற வீட்டுல இது எதுக்குங்க?" என்றாள் மனைவி. பூட்டிய இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, இரண்டு சாவியும் அவளிடம். அதற்கப்புறம்தான் வாசற்படி தாண்டியது.

மெக்கானிக்கல் ஆளுக்கு இதை ஆட்டிப் பார்ப்பதே ஆனந்தம். லீவரைக் கீழே தள்ளினால் காலிக் கூடு வெளியே துள்ளும், ஹேமர் பின்னுக்குப் போகும். மூடினால் குழாயிலிருந்து வந்த அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். தியரி ஆஃப் மெஷின்ஸ் வகுப்பில் போர்டில் பார்த்த லிங்கேஜ் கைக்குள்ளே! ரிம்ஃபயர் என்றால் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கும். ஊசி ஓரத்தில் அடிக்கும். பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற பழைய ஹென்றியும் ரிம்ஃபயர்தான், .44.

சிலசமயம் தோட்டா வெடிக்காது. குழலை இலக்கை நோக்கியே பிடித்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்கு வைவாவே தேவலை!

போன மாசம் மனைவியே, "நானும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள். பதினைந்து தோட்டாவில் ஒன்பது தகர டப்பா காலி. என் கணக்கைக் கேட்காதீர்கள்.