ஆறு மணிச் சங்கு

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் முதலில் கண்ணில் பட்டது குருத்தோலைதான். கல்யாண வீட்டு வாசலில் மூங்கில் கழியோடு வில்லாய் வளைந்து தெருவை எட்டிப் பார்த்தது. “ஜானூர் கூனிங்” என்றார் பெச்சா ரிக்‌ஷாக்காரர். மஞ்சள் குருத்து. பெயரைக் கேட்டதும் கல்யாணம் மறந்துபோய், மனசு 1949 மார்ச் 1-க்கு ஓடிவிட்டது.

அன்று டச்சுக்காரர் பிடியிலிருந்த நகரத்துக்குள் புகுந்த இந்தோனேசியக் கெரில்லாக்கள் தங்களுக்குள் ஆள் தெரிய இந்த ஓலையைத்தான் அணிந்திருந்தார்கள். காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியது; ஊரடங்கு முடிந்தது என்று டச்சுக்காரர்கள் ஊதும் சங்கு. அதுதான் தாக்குதலுக்கும் அடையாளம். பகைவனே நேரம் சொல்லிக் கொடுத்தான்! கோமாருதின் என்ற லெஃப்டினன்ட் மட்டும் தேதியைத் தப்பாக எண்ணி, முதல் நாளே சுட ஆரம்பித்துவிட்டாராம். எனக்கு என்னவோ அவர்மேல்தான் பிரியம்.

ஆறே மணி நேரம். நண்பகலில் வந்த வழியே போய்விட்டார்கள். ஊரைப் பிடித்து வைத்திருப்பது நோக்கமே இல்லை. 1948 டிசம்பர் 19-ல் குடியரசின் அன்றைய தலைநகரான இந்த ஊரைப் பிடித்து, தலைவர்கள் சுகர்னோவையும் ஹட்டாவையும் சிறைவைத்த டச்சு அரசு, குடியரசின் கதை முடிந்தது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. முடியவில்லை என்று காட்டச் சத்தம் வேண்டியிருந்தது. பிளாயென் கிராமத்து வானொலிக் கருவியிலிருந்து கிளம்பிய செய்தி சுமத்ரா, பர்மா, டில்லி என்று தாவித் தாவி வெளியே போனது. 1949 டிசம்பர் 27-ல் இறைமை கைமாறியது.

குடியரசுப் படைத் தளபதி சுதிர்மான் அந்த மாதங்களில் காசநோயோடு, ஒற்றை நுரையீரலோடு, காட்டுவழியில் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தார். விடுதலையைப் பார்த்து ஒரு மாதம்தான் இருந்தார்.

மாலியோபோரோ தெருவின் தென்கோடியில் அந்தத் தாக்குதலின் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1973-ல் திறந்துவைத்தவர் சுகார்த்தோ; அன்று படை நடத்திய லெஃப்டினன்ட் கர்னல், பிறகு 32 வருஷம் நாட்டை ஆண்டவர். அவர் ஆண்ட வரையில் தாக்குதல் யோசனையும் அவருடையதாகவே இருந்தது. 1998-ல் அவர் இறங்கியதும், யோசனை இந்த ஊர்ச் சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோவுடையது என்ற பேச்சு பலத்தது. 2022-ல் மார்ச் 1-ஐ இறைமை நாளாக அறிவித்த ஆணையில் சுகார்த்தோ பெயரே இல்லை. நாற்காலி போனால் யோசனையும் போகும்போல.

மறுநாள் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது, கோமாருதினுக்குப் போல முன்கூட்டியே. படுத்தபடி காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சேவல் கூவியது, யாரோ வாசல் பெருக்கினார்கள். ஆறு அடித்து ஐந்து நிமிஷம் ஆகியும் சங்கு ஊதவில்லை.