கையெழுத்து அப்பாவோடதுதான்



இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை எதுவும் வைக்க மாட்டேன்.

இப்போது பிள்ளைகள் காலப் பயணக் கதைகளாகப் படித்துத் தள்ளுகிறார்கள். இந்தக் காலத்து ஆட்கள் நாலைந்து பேர் திடீரென்று பழைய காலத்தில் போய் விழுவார்கள். என் பேரன் படித்த கதையில் அவர்கள் போய் மாட்டிக்கொண்டது ஷாஜகான் மகன்களின் வாரிசுப் போரில். "பாட்டி, நமக்குத்தான் என்ன நடக்கும்னு முன்னாடியே தெரியுமே. அங்க போய் உண்மையைச் சொன்னா போரே நின்னுடும்ல?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை உங்களுக்கு விரித்துச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் படித்ததை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். 1657 செப்டம்பரில் ஷாஜகான் டெல்லியில் நோயில் விழுந்தார். சிறுநீர் பிரியாமல் கடும் அவஸ்தை. முகலாய அரசர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் மாடத்தில் வந்து நின்று மக்களுக்கு முகம் காட்ட வேண்டும். அரசர் உயிரோடு இருக்கிறார், ஆட்சி நடக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஒரு வாரம் அளவில் அந்த முகம் தெரியவில்லை. அவ்வளவுதான், "பாதுஷா போய்விட்டார்" என்று ஊர் பேச ஆரம்பித்துவிட்டது.

மகன்கள் நான்கு பேர். நால்வரும் மும்தாஜ் மகாலின் பிள்ளைகள், ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். மூத்தவர் தாரா ஷுகோ அப்பாவின் பக்கத்திலேயே இருந்தார். ஷா ஷுஜா வங்காளத்தில், ஔரங்கசீப் தக்காணத்தில், கடைக்குட்டி முராத் குஜராத்தில். மூத்தவனுக்கே பட்டம் என்ற சட்டம் முகலாயரிடம் கிடையாது. ஷாஜகானே 1628இல் அரியணை ஏறியபோது தன் தம்பியையும் அண்ணன் மகன்களையும் தீர்த்துவிட்டுத்தான் ஏறினார். ஆகவே தோற்றவனுக்கு உயிர் மிஞ்சாது என்று நான்கு பிள்ளைகளுக்கும் தெரியும்.

அப்பா படுத்ததும் தாரா ஒன்று செய்தார். தகவல் வெளியே போகாதபடி அடைத்தார். தம்பிகள் இருந்த திசைகளுக்குப் போகும் வழிகளில் காவல் போட்டார். அரண்மனையில் இருந்த தம்பிகளின் ஆட்களைக் கண்காணிப்பில் வைத்தார். அப்பாவின் அறைக்குள் தன் நம்பிக்கைக்கு உரியவர்களை மட்டும் விட்டார். குழப்பம் வரக்கூடாது என்றுதான் செய்திருப்பார். ஆனால் உண்மைச் செய்திதான் நின்றது, வதந்தி நிற்கவில்லை. ஷுஜா ராஜ்மகாலில் முடி சூட்டிக்கொண்டார். முராத் அகமதாபாத்தில் தன் பேரில் நாணயமே அடித்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா பிழைத்துவிட்டார்! அக்டோபரில் ஆக்ராவுக்குக் கிளம்பினார், நவம்பர் வாக்கில் ஓரளவு தேறியும்விட்டார். "நான் நலம், அவரவர் இடத்துக்குத் திரும்புங்கள்" என்று பிள்ளைகளுக்குக் கடிதம் போனது. யாரும் நம்பவில்லை. தாராவுக்கு அப்பாவின் கையெழுத்தைப் போலவே எழுத வரும், முத்திரையும் அவரிடம்தான் இருக்கிறது, இது அவர் வேலை என்றார்கள்.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், இந்தப் பாடம் முடிந்ததும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு வேடம் கொடுப்பேன். ஒரு வருஷம் ஔரங்கசீப் சீட்டு ஒரு பெண்ணுக்கு விழுந்தது. தூதனாக வந்த பையன் தாளை நீட்டி, "பாதுஷா நல்லா இருக்காரு, படையைத் திருப்புங்க" என்றான். அவள் வாங்கிப் பார்த்தாள். "கையெழுத்து அப்பாவோடதுதான். பக்கத்துல நின்னு எழுத வச்சது யாரு?" என்றாள். வகுப்பே சிரித்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை! அந்தப் போர் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அடுத்தடுத்த வருஷங்களில் அந்தப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தேன். அந்தப் பெண் இதைப் படித்தால் தன்னைக் கண்டுகொள்வாள்.

இப்போது சொல்லுங்கள். அப்பாவின் கையெழுத்தையே நம்பாதவர்கள், எங்கிருந்தோ வந்து விழுந்த ஒருவன் "உங்க அப்பா உயிரோடதான் இருக்கார், இன்னும் எட்டு வருஷம் இருப்பார்" என்றால் நம்பிவிடுவார்களா? தாரா அனுப்பிய ஒற்றன் என்று கட்டிப்போட்டிருப்பார்கள்.

1658 ஏப்ரலில் உஜ்ஜயினிக்குப் பக்கத்தில் தர்மத் என்ற இடத்தில் ஔரங்கசீப்பும் முராத்தும் அரசுப் படையைத் தோற்கடித்தார்கள். அடுத்த மாதக் கடைசியில், கொளுத்தும் வெயிலில், ஆக்ராவுக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் சாமுகர் போர். தாரா யானை மேல் இருந்தார். எல்லோர் கண்ணும் அந்த அம்பாரி மேல்தான். நெருக்கடி முற்றியபோது அவர் இறங்கிக் குதிரைக்கு மாறினார். அம்பாரி காலி. பார்த்த படைவீரர்கள் இளவரசர் போய்விட்டார் என்று சிதறி ஓடினார்கள். அப்பா செத்தார் என்ற பொய்ச் செய்தியில் தொடங்கிய போரை, மகன் செத்தார் என்ற பொய்ச் செய்தி முடித்து வைத்தது.

உண்மையிலேயே வெளியிலிருந்து வந்து இந்தப் போரில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் வேறு காலத்திலிருந்து வரவில்லை, வேறு தேசத்திலிருந்து வந்தார்கள். மனூச்சி வெனிஸ் நகரத்துப் பையன். பதினாலு வயது வாக்கில் சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறியவன். சாமுகர் போரின்போது இருபது வயது வாக்கில் இருந்திருக்கும், தாராவின் பீரங்கிப் படையில் நின்றான். இன்னொருவர் பெர்னியர், பிரெஞ்சு மருத்துவர். 1659இல் அஜ்மீருக்குப் பக்கத்தில் மறுபடியும் தோற்று ஓடி வந்த தாரா, வழியில் இவரைக் கண்டு கூடவே இருக்கச் சொன்னார். மனைவியருள் ஒருவருக்குக் கால் புண், வைத்தியம் பார்க்க ஆளில்லை. கூடாரம் அடிக்கக்கூட வசதி இல்லை. பெண்களை மறைக்கும் திரைச்சீலையின் கயிறுகளை, இவர் படுத்திருந்த வண்டிச் சக்கரத்தில்தான் கட்டினார்களாம். இந்துஸ்தானத்தின் பட்டத்து இளவரசர் குடும்பம்! அகமதாபாத் நகரம் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை.

கடைசியில் தாரா ஒருவனை நம்பினார். போலன் கணவாய்ப் பக்கம் மாலிக் ஜீவன் என்ற தலைவன். முன்பு ஷாஜகான் கொடுத்த மரண தண்டனையிலிருந்து அவனைக் காப்பாற்றியவர் தாராதான். அவனே பிடித்துக் கொடுத்தான். அழுக்குத் துணியோடு யானை மேல் உட்கார வைத்து டெல்லித் தெருக்களில் கொண்டுபோனபோது ஜனங்கள் வாய்விட்டு அழுததை பெர்னியர் அங்கேயே நின்று பார்த்து எழுதியிருக்கிறார். அந்த ஆகஸ்டு கடைசியில் தாரா கொல்லப்பட்டார். உபநிடதங்களைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

இனி நம் கதை. போன வருஷம் நான் பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மகள் தூரத்தில் இருக்கிறாள், பதறுவாள் என்று மகன் பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறான். அவன் நல்லெண்ணத்தில்தான் செய்தான். நான்காம் நாள் நானே போனில், "நல்லா இருக்கேன்மா" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டாள் தெரியுமா? "அண்ணன் பக்கத்துல நிக்கிறானா?"

எனக்கு அப்போது சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஷாஜகானின் கடிதத்தை இத்தனை வருஷம் பாடமாக நடத்தியிருக்கிறேன், அன்றைக்கு அந்தக் கடிதம் நானாகவே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தேன். டாக்டர் சொன்னது, வங்கியில் இருப்பது, வீடு யாருக்கு எப்படி என்பது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், இரண்டு பேர் காதிலும் விழும்படி சொன்னேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது மகள் என் குரலைக் கேட்டால் என் குரல் என்றே நம்புகிறாள். உறவுகளில் என் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். தேறிய பிறகு எழுதும் கடிதத்தை யாரும் நம்ப மாட்டார்கள். நன்றாக இருக்கும்போதே, எல்லோரையும் வைத்துக்கொண்டு பேசிவிடுங்கள்.

அந்தக் குடும்பத்திலும் ஒருத்தி அதைச் செய்து பார்த்தாள். மூத்த மகள் ஜஹனாரா. ஔரங்கசீப் ஆக்ரா கோட்டைக்கு யமுனைத் தண்ணீரை நிறுத்தி அப்பாவைப் பணிய வைத்துவிட்ட பிறகு, அவளே தம்பியைப் பார்க்கப் போனாள். பஞ்சாப் தாராவுக்கு, குஜராத் முராத்துக்கு, வங்காளம் ஷுஜாவுக்கு, தக்காணம் ஔரங்கசீப்பின் மூத்த மகனுக்கு, மற்றதும் பட்டமும் உனக்கே என்று ஒரு பாகப்பிரிவினையை முன்வைத்தாள். நான்கு பேரும் உயிரோடு இருந்திருக்கலாம். ஆனால் அவளைத் தாராவின் பக்கத்து ஆள் என்றே தம்பி நினைத்தார், ஏற்கவில்லை. முராத் குவாலியர் சிறைக்குப் போய் அங்கே கொல்லப்பட்டார். ஷுஜா அரக்கானுக்கு ஓடி அங்கேயே முடிந்தார். ஜஹனாரா அப்பாவோடு கோட்டைக்குள் இருந்து, 1666இல் அவர் கண் மூடும் வரை பார்த்துக்கொண்டாள்.

மனூச்சி பிழைத்துக்கொண்டார். பிற்காலத்தில் நம் சென்னைக்கு வந்து, வைத்தியம் பார்த்துக்கொண்டு, கல்யாணமும் செய்துகொண்டு பல வருஷம் இங்கேயே வாழ்ந்தார். தான் பார்த்ததையும் கேட்டதையும் கலந்து பெரிய புத்தகமாக எழுதினார். எது பார்த்தது, எது கேட்டது என்று பிரித்துப் படிக்க வேண்டிய புத்தகம். நம் கைக்கு வருகிற எல்லாச் செய்திக்கும் அதே கணக்குதான், பிள்ளைகளே.

உங்கள் வீட்டு நலனையும் எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்