நூலை எரித்துப் பார்த்தவர்

மண்டூர்த் துறையில் பாதைப் படகு ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்குவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அங்கிருந்து பஸ்ஸில் கல்லாறு, பெரியநீலாவணை தாண்டினால் மருதமுனை. கைத்தறிச் சாறனுக்குப் பேர்போன ஊர்.

நான் போன வீட்டில் தறி முன்விறாந்தையிலேயே இருந்தது. நாடா இடமும் வலமும் பாய, கால் மிதியை மாற்ற, கை அச்சை இழுத்து அடிக்கிறது. தறியில் இருந்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மனைவி பக்கத்தில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நெய்தவருக்கு என்ன கூலி என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நூல் சுற்றுவதும் கஞ்சி போட்டுக் காயவைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில். அதை யாரும் கூலியாக எண்ணுவதில்லை.

"காக்கா, இது கலப்பில்லாத பருத்தி நூல்தானா?"

பதில் சொல்லாமல் ஒரு துண்டு இழையை அறுத்து நெருப்புக்குச்சியைக் காட்டினார். குப்பென்று பற்றியது. கடதாசி எரிந்த மணம். விரலில் தேய்த்தால் மெல்லிய சாம்பல். "பொலியெஸ்டர் கலந்திருந்தா உருகிக் கறுப்பு முத்தாத் திரண்டு நிக்கும் தம்பி."

கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய செம்மறிக் கம்பளி மஃப்ளரில் ஓர் இழையை உருவிப் பையில் வைத்திருந்தேன். அதையும் நீட்டினேன். சுருண்டு கருகியது, நெருப்பை எடுத்ததும் தானாக அணைந்தது. வீடெல்லாம் மயிர் பொசுங்கிய நாற்றம். அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாற்றம் பொய் சொல்லவில்லை: கம்பளியும் நம் தலைமயிரும் கெரட்டின் என்னும் ஒரே வகைப் புரதம். அதில் நைதரசனும் ஈரமும் அதிகம், அதனால் எளிதில் தீப்பிடிக்காது.

அந்த ஈரம்தான் கம்பளியின் பெரிய குணம். சாதாரணக் காற்றில் கிடக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8 வீதம் ஈரத்தை வைத்திருக்கும். கம்பளி 16 வீதம். பொலியெஸ்டர் அரை வீதம்கூட இல்லை. எடையில் 30 வீதம்வரை நீராவியைக் குடித்த பிறகும் கம்பளி தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. குடிக்கும்போது சற்றுச் சூட்டையும் விடும். இழையின் சுருளுக்குள் காற்று அகப்பட்டுக் குளிரைத் தடுக்கும். டொரன்டோவில் மச்சாளுக்கு இதெல்லாம் வேண்டும். காற்றே ஈரமாக நிற்கிற வாவிக்கரையில், வியர்வையைத் தோலிலிருந்து இழுத்துக் காற்றோட்டத்தில் உலரவிடும் மெல்லிய பருத்தித் துணிதான் உடம்புக்கு இதம்.

கழுவுவதிலும் பருத்திக்கே வெற்றி. நனைந்தால் பருத்தி இழை பலப்படும், கம்பளி தளரும். கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. சவர்க்காரம் போட்டுக் கல்லில் அடித்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, மஃப்ளர் சுருங்கித் தடித்துப்போகும். எங்கள் கிணற்றடியில் அது ஒரு மாதம் தாங்காது.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் மலிவுத் துணி வந்து கைத்தறியை நெருக்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல், இந்த ஊரில் ஆட்களோடு தறிகளையும் கொண்டுபோனது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நூல் விலையைப் பற்றித்தான் நிறையப் பேசினார். கலப்பு நூல் மலிவு, நெய்யும்போது அறுவதும் குறைவு, ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"வாங்கலாம். ஆனா இந்த வெக்கைக்குள்ள நானும் சாறன்தானே உடுக்கிறன்" என்றவர், அறுந்த பாவிழை ஒன்றைப் பிணைக்கக் குனிந்தார்.