முழங்கால் முறிச்சான்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறினவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். மொத்தம் சுமார் 3550 படி. மேலே நெருங்கும்போது செங்குத்தா ஒரு ஏற்றம் வரும். தெலுங்கில் 'மோகாள்ள பர்வதம்', அதாவது முழங்கால் மலை. நம்மாளுங்க இன்னும் பச்சையா 'முழங்கால் முறிச்சான்'னு பேர் வச்சுட்டாங்க. எனக்கு அங்கே போறதுக்கு முன்னாடி, சித்தூர் மைதானத்துலயே முழங்கால் முறிஞ்சுடுச்சு :-)

பி.காம். முடிச்சு பேங்க்ல சேர்ந்தவன் நான். சொந்த ஊர் திருநெல்வேலி. நாற்பத்து மூணு வயசுல சித்தூருக்கு மாற்றல் வந்தது. பிள்ளைங்க படிப்புக்காகக் குடும்பம் ஊரிலேயே இருக்க, எனக்குத் துணை தொப்பை மட்டும்தான். சின்ன வயசுல எனக்கு டைபாய்டு வந்தப்போ, நடந்து மலையேறுறதா அம்மா வேண்டிக்கிட்டாங்களாம். முப்பத்தஞ்சு வருஷமா அது பாக்கி. "எய்யா, எனக்கு முட்டு போயிட்டு. எனக்குப் பதிலா நீ ஏறிருய்யா"ன்னாங்க.

சரின்னு தினமும் காலையில ஓட ஆரம்பிச்சேன். ரெண்டே மாசம். முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி, அதுவும் படி இறங்கும்போது உயிர் போகும். எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லை. ஓய்வெடுத்தா போகும், ஓடினா திரும்ப வரும்.

மைதானத்துக்கு வர்ற ஒரு ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டார். "மேனேஜர் சார், நீங்க வர்றது அந்தக் கோடியிலயே கேக்குது. மெல்லகா வைங்க, மெல்லகா!" அப்புறம்தான் கவனிச்சேன். காலை முன்னாடி நீட்டி, முட்டியை விறைப்பா வச்சு, குதிகாலை ஓங்கி அடிச்சிட்டிருந்தேன். ஒவ்வொரு அடியும் பிரேக் போடுற மாதிரி. அந்த அதிர்ச்சி எல்லாம் முட்டிக் கணக்குல பற்று.

மாஸ்டர் சொன்னது மூணே விஷயம். எட்டு சின்னதா வைக்கணும், பாதம் இடுப்புக்குக் கீழே விழணும், சத்தம் வரக்கூடாது. வலது கால் தரையில படுறதை 30 நொடி எண்ணி 4-ஆல் பெருக்கச் சொன்னார். எனக்கு 38 வந்தது, அதாவது நிமிஷத்துக்கு 152 அடி. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல ஜாக் டேனியல்ஸ்ங்கிற பயிற்சியாளர் எண்ணிப் பார்த்தப்போ அநேகமா எல்லாருமே 180-க்கு மேல. அதுக்காக நாம 180-க்குத் தாவ வேண்டியதில்லை. அவங்கவங்க எண்ணிக்கையில 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முட்டி வாங்குற சுமை நல்லாக் குறையுதுன்னு விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு 2011-ல சொல்லியிருக்கு. நான் 160-ஐ இலக்கா வச்சேன். வேகத்தைக் கூட்டலை. முதல் ரெண்டு வாரம் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடைன்னு பொறுமையா போனேன். நாலு மாசத்துல வலி நின்னது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ராத்திரி திருப்பதி போய், விடியற்காலை அலிபிரியில செருப்பை விட்டுட்டு ஏறினேன். வெறுங்கால்ல குதிகாலை ஓங்கி வைக்கவே முடியாது, கல்லே பாடம் சொல்லிக் கொடுத்துடும். முழங்கால் முறிச்சான்ல முழுப் பாதமும் படியில பதிய, ஒவ்வொண்ணா ஏறினேன். மூச்சு வாங்குச்சு, முட்டி வலிக்கலை. மேலே போய் அம்மாவுக்குப் போன் போட்டேன். சாமி தரிசனம் பத்திக் கேட்பாங்கன்னு நினைச்சா, முதல் கேள்வியே "முட்டு எப்படிய்யா இருக்கு?"

வீக்கம் இருந்தா, முட்டி மடங்காம சிக்கிக்கிட்டா, முதல்ல டாக்டரைப் பாருங்க. மத்தபடி வெளியூர்ல தனியா ஓடிட்டிருக்கிற நம்மாளுங்க, நாளைக்குக் காலையில 30 நொடி எண்ணிப் பாருங்க. உங்களுக்கு எத்தனை வருதுன்னு சொல்லுங்க.