குளத்தின் அடியில் ஒரு துளை

நான் நீந்தக் கற்றது எங்கள் வயல்கிணற்றில். தாத்தா விதித்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மோட்டார் ஓடும்போது தண்ணீரில் இருக்கக்கூடாது. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. மோட்டார் அறையில் விளக்கு எரிந்ததும் தாத்தா வரப்பிலிருந்தே "ஏறுங்கடா மேலே" என்று குரல் கொடுப்பார். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரின் உறிஞ்சுகுழாய் கிணற்றின் அடிவரை இறங்கி, ஓட்டைகள் கொண்ட ஓர் இரும்புக் கூண்டில் முடிந்திருக்கும். 'புட்வால்' என்போம். அது ஃபுட்வால்வு என்பது பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதன் அருகே போனால் காலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் என்று தாத்தா சொன்னதை, முனி பிடிக்கும், பேய் பிடிக்கும் என்கிற வரிசையில் இன்னொன்றாகவே நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு, ஃப்ளோரிடாவில் எங்கள் வீட்டின் பின்புறம் நீச்சல் குளம் கட்ட முடிவு செய்தோம். ஒப்பந்ததாரர் கொடுத்த தாளில் ஓட்டின் நிறம், படிகளின் எண்ணிக்கை, விளக்கு என்று நிரப்பிக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். மெயின் ட்ரெய்ன்: வேண்டும், வேண்டாம். வீட்டுக் குளத்துக்கு அது கட்டாயமில்லை என்றார் அவர். உங்கள் விருப்பம் என்று ஒருவர் சொல்லும்போதுதான் தூக்கம் போகிறது.

அந்தப் பெயரே ஒரு மயக்கம். ட்ரெய்ன் என்றதும் குளியல் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கியதும் நீர் வடிந்து போவதைத்தான் நினைத்துக்கொள்கிறோம். நீச்சல் குளத்தின் அடியில் உள்ள துளை பொதுவாக நீரை எங்கேயும் வடிப்பதில்லை. அது பம்பின் உறிஞ்சுவாய். ஆழத்து நீரை இழுத்து வடிகட்டிக்கு அனுப்ப, அது சுத்தமாகி மீண்டும் குளத்துக்கே வருகிறது. மேற்பரப்பில் மிதக்கும் இலையையும் பூச்சியையும் இழுத்துக்கொள்ள ஓரத்தில் ஸ்கிம்மர் என்றொரு வாய் இருக்கிறது; அடியில் இருப்பது இரண்டாவது வாய். ஆக, கேள்வி வடிகாலைப் பற்றியதல்ல. என் மகள் நீந்தப்போகும் நீருக்கடியில் ஒரு புட்வால் வேண்டுமா என்பதுதான்.

அவளுக்கு ஒன்பது வயது. இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். அது என் மனைவியின் பெருமை.

தேடிப் படிக்க ஆரம்பித்தபோது முதலில் எதிர்ப்பட்டது ஒரு சிறுமியின் பெயர் தாங்கிய சட்டம். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி வர்ஜீனியா கிரேம் பேக்கர், 2002 ஜூன் மாதம் ஒரு விருந்துக்குப் போன இடத்தில், வெந்நீர்த் தொட்டியின் அடித்துளை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதால் மூழ்கி இறந்தாள். வயது ஏழு. நீச்சல் நன்கு தெரிந்தவள். தாய் குதித்து இழுத்துப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. பிறகு இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்ததில் துளையின் மூடியே உடைந்த பின்புதான் உடல் விடுபட்டது. அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் அலைந்ததன் பலனாக 2007 டிசம்பரில் அவள் பெயரால் சட்டம் வந்தது. பொதுக் குளங்களின் அடித்துளைகளுக்கு உடலோ முடியோ சிக்காத வடிவத்தில் மூடி போட வேண்டும் என்றது அது. தனித் துளை மட்டும் உள்ள இடங்களில், துளை அடைபட்டால் பம்பை நிறுத்தும் கருவி போன்ற இன்னொரு காவலையும் கேட்டது.

இரண்டு ஆண்கள் இழுத்தும் வராத பிடி என்பதை என் மனம் ஏற்கவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள துளையின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். அதைக் குழந்தையின் முதுகோ வயிறோ முழுவதுமாக மூடிவிட, பம்பு அந்தப் பக்கம் பாதி வளிமண்டல அளவுக்கு வெற்றிடத்தை உண்டாக்கினால், பிடியின் எடை ஏறத்தாழ 160 கிலோ. ஆளின் பலத்தால் ஆவதல்ல அது. செய்ய வேண்டியது ஓடிப்போய் பம்பை நிறுத்துவது. தாத்தாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. மோட்டார் ஓடும்போது தண்ணீரில் ஆள் இருக்கக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அவரைப் பேய்க்கதை சொல்பவராக நினைத்ததற்கு அன்றிரவு சற்று வெட்கப்பட்டேன்.

ஒப்பந்ததாரர் பொறுமைசாலி. ஒற்றைத் துளை இப்போது யாரும் வைப்பதில்லை, மூன்றடிக்குக் குறையாத இடைவெளியில் இரண்டு வைத்து ஒரே குழாயில் சேர்ப்போம், ஒன்று அடைபட்டாலும் பம்பு மற்றதிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்றார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முடிக்கு இரண்டு துளை என்ற கணக்கெல்லாம் கிடையாது. நீரோட்டத்தோடு ஒரு துளைக்குள் போய் மூடியின் பின்புறம் முடிச்சிட்டுக்கொண்டால் போதும். பம்பை நிறுத்திய பிறகும் முடிச்சு முடிச்சாகவே இருக்கும்.

அப்படியானால் வேண்டாம் என்று எழுதிவிடலாமே என்றால், ஃப்ளோரிடா மண் குறுக்கே நின்றது. இங்கே பல இடங்களில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். பழுதுபார்க்கக் குளத்தை வெறுமையாக்கும்போது, வெளியே நிலத்தடி நீர் உயர்ந்திருந்தால், அண்டாவை நீரில் அமிழ்த்துகையில் மேலே எம்புமே, அதுபோல மொத்தக் கான்கிரீட் கூடும் தரையைவிட்டு எழும்பிவிடும். மழைக்காலத்தில் இப்படி வெடித்துக் கிளம்பிய குளங்களின் படங்களைப் பார்த்தேன். இதைத் தடுக்க, வெளி அழுத்தம் மிகுந்தால் நிலத்தடி நீரைக் குளத்துக்குள் விடும் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. வழக்கமாக அதன் இருப்பிடம் மெயின் ட்ரெய்னின் குழிக்குள்தான். குழி இல்லை என்றால் வால்வு எங்கே?

"என்னங்க, அந்தக் குழியைப் பம்போட சேர்க்கணும்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள் மனைவி. அவள் கணக்காளர். மூன்று வாரமாக இரவு பத்து மணிக்கு மேல் என் புலம்பலைக் கேட்ட களைப்பில் கேட்ட கேள்வி. மறுநாள் ஒப்பந்ததாரரிடம் கேட்டேன். சேர்க்க வேண்டியதில்லை, வால்வுக்கு மட்டும் ஒரு சிறு குழி, உறிஞ்சுகுழாய் இல்லாமல் வைக்கலாம் என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை; நானும் முன்பே கேட்கவில்லை.

பம்புக்கு நீர் இரண்டு ஸ்கிம்மர்களிலிருந்து. சுத்தமான நீர் திரும்பும் வாய்களில் சிலவற்றை அடித்தளத்திலேயே வைத்தோம், ஆழத்து நீர் தேங்கிவிடாமல் மேலே தள்ளுவதற்காக. அடியிலிருந்து நீர் மேலே வருகிறது. எங்கள் கிணற்றின் ஊற்றுக்கண்ணைக் கோடையில் கண்டிருக்கிறேன், ஈரமணலை மெல்லப் புரட்டிக்கொண்டே இருக்கும். இதில் அவ்வளவு அழகு இல்லை. மேலும் நட்டமும் உண்டு. ஆழமான மூலையில் மண் படிகிறது. சனிக்கிழமைதோறும் நீண்ட கழியும் குழாயுமாக நானே இழுத்தெடுக்கிறேன். ஸ்கிம்மரின் வாய்க்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டால் பம்பு காற்றைக் குடிக்கத் தொடங்கிவிடும். ஊருக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

அடித்துளையின் பயன் ஒன்றை மட்டும் நான் முதலில் கணக்கில் எடுக்கவே இல்லை. பல மாநிலங்களின் சுகாதார விதிகளில், கரையில் நின்று பார்த்தால் மெயின் ட்ரெய்ன் மூடி தெளிவாகத் தெரியவில்லை என்றால் பொதுக் குளத்தை மூடிவிட வேண்டும். நீர் கலங்கியிருக்கிறதா என்பதற்கு அதுவே அளவுகோல். 2011 ஜூனில் மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் நகரில், கலங்கலான பொதுக் குளம் ஒன்றின் அடியில் ஒரு பெண்ணின் உடல் இரண்டு நாள் கிடந்தது. மேலே மக்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று, ஆழமான இடத்தில் ஒரு கறுப்பு ஓடு பதிக்கச் சொன்னேன். தாளில் அதற்கு இடம் இல்லை. ஒப்பந்ததாரர் ஓரத்தில் கையால் எழுதிக்கொண்டார்.

மகள் எங்கள் குளத்தில் மட்டுமே நீந்தப்போவதில்லை. பள்ளித்தோழிகளின் வீடுகள், விடுதிகள், நகராட்சிக் குளம் என்று எங்கும் போவாள். அவளிடம் இறந்த சிறுமியின் கதையைச் சொல்வதா என்று நாங்கள் இருவரும் நிறைய யோசித்தோம், சொல்லவில்லை. மூடி உடைந்தோ ஆடிக்கொண்டோ இருந்தால் இறங்காதே, முடியைத் தொப்பிக்குள் செருகிக்கொள், அடியில் போய் உட்கார்ந்து விளையாடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "ஏன்ப்பா?" என்றாள். காலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் எந்த வரிசையில் போய்ச் சேர்ந்தேன் என்பது புரிந்தது. பிறகு இருபது சென்டிமீட்டர் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.