கறுப்பெல்லாம் கரிக்குருவியா?

பறவையினிடம் நம் வருங்காலத்தைக் கேட்கும் வழக்கம் தமிழரிடையே நெடுநாளாக உண்டு. பறவையைப் பற்றி அறிய வேண்டுமென்று அதனருகே செல்வோர் மிகச் சிலரே. சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தில் மணி என்னும் ஜோசியக் கிளி 2010ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்றது. உலகக் கிண்ணக் கால்பந்துப் போட்டியின் கால் இறுதி ஆட்டங்கள் நான்கிலும் அது எடுத்துக் கொடுத்த சீட்டின்படியே முடிவுகள் அமைந்தன. இறுதியாட்டத்தில் நெதர்லாந்து வெல்லும் என்றது, வென்றது ஸ்பெயின். கிளியின்மீது குற்றமில்லை. தான் அறியாத ஒன்றைச் சொல்லும்படி அதனை ஏவிய மனிதர் மீதே குற்றம். பறவை உண்மையாகவே சொல்லக்கூடிய செய்தி ஒன்றுண்டு. அது தன்னைப் பற்றியது. அதனைக் கேட்கக் கண்ணும் காதும் பொறுமையும் வேண்டும்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறி பியூட்டி வோர்ல்டில் இறங்கினால், புக்கிட் தீமா குன்றின் அடிவாரம் நடை தூரமே. குன்றின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர்தான். எனினும் சிங்கப்பூர்த் தீவில் அதனை மிஞ்சிய மேடில்லை. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலேஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1854ஆம் ஆண்டில் இங்கே தங்கி, இரண்டு மாதங்களுக்குள் சுமார் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். நம்மவர் கண்ணுக்கு வண்டென்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவனவற்றை அவர் எழுநூறாகப் பிரித்துக் கண்டார். காட்டில் முதலில் கற்க வேண்டிய பாடம் அதுவே.

சென்ற மார்ச்சு மாதத்து ஞாயிறொன்றில், அக்குன்றின் சரிவில் மரக்கூட்டத்தினுள்ளிருந்து ஒரு சீழ்க்கை ஒலி கேட்டது. ஐந்தாறு சுரங்கள், ஒன்றின் மேலொன்றாக, படியேறுவதுபோல் உயர்ந்து சென்று சட்டென நின்றன. சிறிது நேரத்தில் கறுத்த பறவையொன்று கிளைக்குக் கிளை தாவி இலைமறைவில் அமர்ந்தது. உடன் வந்த தேக்காப் பெரியவர், "கறுப்பாயிருந்தால் கரிக்குருவிதானே, கிராணியாரே? இதற்கேன் இவ்வளவு ஆராய்ச்சி?" என்றார். திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலமென்றே ஒன்றுண்டு. ஆகையால் அப்பெயர் நம்மவர் நாவில் எளிதில் எழுகிறது. ஆனால் புராணத்தில் இடம் பெற்ற அக்குருவியின் அலகை உற்றுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

நாம் பெயர் சூட்டுவதைத் தள்ளி வைத்து, தூரக்கண்ணாடியை எடுத்தோம். அக்காட்டில் இவ்வையத்துக்குரிய கறுப்புப் பறவைகள் மூன்று. முதலாவது, ஆண்டு முழுதும் அங்கேயே வாழும் துடுப்புவால் கரிச்சான். அதன் வாலின் இரு புறத்து இறகுகளும் கம்பிபோல் நீண்டு, நுனியில் துடுப்பாக விரியும். ஆயினும் இறகு உதிரும் காலத்தில் துடுப்புகள் இரா. இளம் பறவைக்கும் அவை வளர்ந்திரா. எனவே துடுப்பில்லை என்பதைக் கொண்டே அதனை விலக்கிவிட இயலாது. இரண்டாவது, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து போகும் காக்கையலகுக் கரிச்சான். தடித்த அலகும், மேல்நோக்கிச் சற்றே சுருண்ட வால் முனைகளும் அதன் அடையாளங்கள். மூன்றாவது கரிச்சானே அன்று. கரிச்சான் போல் தோன்றும் குயில். அதனைக் கரிச்சான் குயில் என்பர்.

குரலைக் கொண்டே தீர்த்துவிடலாம் என்று சிலர் கூறக்கூடும். ஏறுசுரச் சீழ்க்கை கரிச்சான் குயிலுக்கே உரியதென்பது மெய்தான். ஆனால் துடுப்புவால் கரிச்சானோ பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாட வல்லது. இலங்கையின் சிங்கராசா வனத்தில் இக்கரிச்சான் இனத்தை ஆராய்ந்த ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும், பிற பறவைகளைப் போலப் பாடி அது அவற்றைத் தன்னருகே கூட்டிக்கொள்கிறது என்று 2006ஆம் ஆண்டில் எழுதினர். ஆகவே காதின் சாட்சியம் மட்டும் போதாது; நிறத்தைக் கண்ட கண்ணின் சாட்சியமும் போதாது. ஒரு சாட்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் தவறு செய்யும்.

எனவே ஒவ்வொன்றாக நோக்கினோம். அலகு மெலிந்து, நுனி சற்றே கீழ்நோக்கி வளைந்திருந்தது. கரிச்சானின் தடித்த அலகன்று. அது பறந்து பூச்சியைக் கவ்வி மீண்டும் பழைய கிளைக்கே வரவில்லை. இலைகளுக்கிடையே ஓசையின்றிப் புழுக்களைத் தேடித் தின்றது. வாலைத் தூக்கியபோது அதன் அடிப்புறத்தில் வெள்ளைக் கோடுகள் குறுக்காகத் தெரிந்தன. அக்கோடுகள் வழக்கைத் தீர்த்தன: அது கரிச்சான் குயில். தன்னினும் சிறிய பறவைகளின் கூட்டில் முட்டையிட்டு, குஞ்சு வளர்க்கும் பாரத்தை அவற்றின்மேல் சுமத்துவது அதன் இயல்பு. சண்டைக்கு அஞ்சாத கரிச்சானின் உடையை அது ஏன் அணிந்தது என்பதற்கு அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று, பிற பறவைகள் அதனைக் கண்டு ஒதுங்கும் என்பதாம்.

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வகுத்த லின்னேயஸ், 1766ஆம் ஆண்டில் துடுப்புவால் கரிச்சானைக் குயிலினத்தில் சேர்த்துவிட்டார்! குயிலோ கரிச்சானாய் நடிக்க, கரிச்சானைக் குயிலென்று எழுதினார் பெரும்புலவர். பின்வந்தோர் ஆராய்ந்து அதனைத் தன் இனத்தில் சேர்த்தனர். பெரியவர் சொன்னார் என்பதற்காக விஞ்ஞானம் எதனையும் காத்து வைப்பதில்லை. மலாய் மக்கள் அதே கரிச்சானை 'ஹம்பா கெரா' என்பர். குரங்கின் அடிமை என்பது பொருள். குரங்குக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து சென்று, அவை மரத்தை உலுக்கும்போது எழும் பூச்சிகளைப் பிடித்துண்பதால் வந்த பெயர். உழைப்பது குரங்கு, உண்பது குருவி. அடிமைப் பட்டம் மட்டும் குருவிக்கு! பின்னால் நடப்பவனெல்லாம் அடிமையென்று முடிவு கட்டும் உலகம், பறவையை மட்டுமா அப்படிப் பார்க்கிறது?

இது பொழுதுபோக்குப் பேச்சன்று. பெயர் சரியாக எழுதப்படாத உயிர் கணக்கில் வருவதில்லை. தோட்டத்துச் செக்ரோலில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தால் ஒருவன் கூலி மற்றொருவன் கைக்குப் போகும். பெயரே விடுபட்டால் அவன் வேலைக்கு வரவேயில்லை என்றாகும். காட்டின் கணக்கும் அத்தகையதே. காஸ்டெலெட்டா, சோதி என்போருடன், சிங்கப்பூர் இயற்கை ஆர்வலர் சுபராஜ் ராஜதுரை 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். 1923 முதல் 1998 வரையுள்ள காலத்தில் இத்தீவின் காட்டுப் பறவையினங்கள் 91இல் 61 அழிந்தன என்று அவ்வாய்வு காட்டிற்று. இந்தத் துயரக் கணக்கு எவ்வாறு கிடைத்தது? முன்னிருந்தோர் ஒவ்வொரு பறவையையும் பிரித்தறிந்து எழுதி வைத்ததனாலன்றோ? எல்லாம் கரிக்குருவியே என்று அவர்கள் எழுதியிருந்தால், அறுபத்தொன்றும் போனதை எவரும் அறிந்திரார். 2019ஆம் ஆண்டில் மறைந்த சுபராஜ், தமிழ்ப் பெயர் தாங்கி இக்கணக்கில் ஒரு பங்கெழுதிச் சென்றது நமக்குப் பெருமை, பின்பற்றுவது கடமை.

நிறத்தைக் கண்டு இனத்தைத் தீர்ப்பதும், பிறப்பைக் கேட்டு மனிதனைத் தீர்ப்பதும் ஒரே சோம்பலின் இரு கிளைகள். இரண்டிலும் நாம் பெயரை முதலில் வைத்துவிட்டு, பொருளைப் பாராமலே வீடு திரும்புகிறோம். தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் தமிழ்ப் பெற்றோர், கிளிச் சீட்டுக்குக் கொடுக்கும் காசைச் சேர்த்துப் பிள்ளைகளுக்கொரு தூரக்கண்ணாடி வாங்கித் தருவார்களாக! வாலின் அடியிலுள்ள வெள்ளைக் கோட்டைக் காணும் வரையில் தீர்ப்புச் சொல்லாதிருக்கப் பழகிய குழந்தை, மனிதரிடத்தும் அவ்வாறே நடந்துகொள்ளும்.